நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை குறைவது ஏன்?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி 2024-ஆம் ஆண்டு ஆயர் ஈத்தாமில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பொன்விழா மேடை என்றால் மகிழ்ச்சியான செய்திகளைப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு "நீதியும் ஊழலும்". நான் வழக்கறிஞன் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கிறவன். கடந்த பிப்ரவரி மாதத்திலிருந்து அவர்கள் அதிகம் பேசுவது இதைத்தான்: "கோர்ட்டெல்லாம் சும்மா. பெரிய ஆளுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்."

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவசரம், நாம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. மலாயாவில் ஆங்கிலேயர் முறையிலான நீதிமன்றம் முதலில் வந்தது நம் பினாங்கில்தான். 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தின் மூலம் அது இங்கே அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தான். நம்மவர்களின் சில்லறைத் தகராறுகளைக் கப்பித்தான்தான் தீர்த்து வைத்தார். ஜார்ஜ் டவுனில் லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு எழுப்பியது. வெள்ளைக்காரராக இருந்தும், வெள்ளையர் அல்லாத மக்களின் உரிமைக்காக வாதாடியவர் அவர். அந்த வழியாகப் போகும்போது நம்மில் பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நீதிமன்றம் இந்த ஊருக்குப் புதிதல்ல, நமக்கும் அந்நியமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில் நம்பிக்கை ஏன் குறைந்தது? காரணம் இல்லாமல் இல்லை.

மூத்தவர்களுக்கு 1988 நினைவிருக்கும். அன்று நாட்டின் தலைமை நீதிபதிக்கு லார்டு பிரசிடெண்ட் என்று பெயர். அந்தப் பதவியில் இருந்தவர் துன் சாலே அபாஸ். அவர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதம் பதவியிலிருந்தே நீக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து மேலும் இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் அரசியலமைப்பின் 121-ஆவது விதி திருத்தப்பட்டது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்று நேரடியாகச் சொன்ன வார்த்தைகள் எடுக்கப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், அப்துல்லா அகமட் படாவி அரசாங்கம் பாதிக்கப்பட்ட நீதிபதிகளுக்குக் கருணைத் தொகை வழங்கியது. அது ஒரு ஆறுதல்தான். ஆனால் தலைமை நீதிபதியையே அனுப்பிவிட முடியும் என்பதைப் பார்த்த ஒரு தலைமுறை, அதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டது.

அடுத்தது 2007. ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் நீதிபதிகளின் நியமனம் பற்றிப் பேரம் பேசுவதுபோன்ற காணொளி வெளியானது. அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். மறு ஆண்டு அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. அதன் பிறகுதான் 2009-இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்தது.

ஆக, மக்களுக்குச் சந்தேகம் வந்ததில் தவறில்லை. ஆனால் சந்தேகப்படுகிறவன் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்து சந்தேகப்பட வேண்டும். என் கருத்தின் மையமே இதுதான்.

நான் பாலிடெக்னிக்கில் மின்துறை படித்து, மின்சாமான் விற்கிறவன். "விளக்கு எரியவில்லை" என்று ஒருவர் கடைக்கு வந்தால், உடனே பல்பை எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கு வியாபாரம். ஆனால் கோளாறு பல்பில் இல்லாமலும் இருக்கலாம். சுவிட்சில் இருக்கலாம், வயரில் இருக்கலாம், மெயின் சுவிட்சையே யாராவது அணைத்திருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்காமல் பல்பைத் திட்டிப் பயனில்லை.

ஓர் ஊழல் வழக்கும் பல கைகளைத் தாண்டித்தான் வருகிறது. விசாரிப்பது ஊழல் தடுப்பு ஆணையம் அல்லது போலீஸ். குற்றம் சாட்டுவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது சட்டத்துறைத் தலைவர். தீர்ப்பளிப்பது நீதிபதி. தண்டனைக்குப் பிறகு மன்னிப்பு என்பது வேறொரு வாசல். நாம் இந்த நால்வரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் "கோர்ட்" என்று சொல்லிவிடுகிறோம்.

நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். 1எம்டிபி 2009-இல் தொடங்கப்பட்டது. அதிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறையே சொன்னது. அதன் துணை நிறுவனமாக இருந்தது எஸ்ஆர்சி இண்டர்நேஷனல். அந்த எஸ்ஆர்சியின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி அன்றைய பிரதமர் டத்தோ ஸ்ரீ நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குகளுக்குப் போனது பற்றிய வழக்கைத் தேதிவாரியாகப் பாருங்கள்.

2015 ஜூலை 28: சட்டத்துறைத் தலைவராக இருந்த டான் ஸ்ரீ கனி பட்டாயில், உடல்நலக் காரணம் கூறிப் பதவியிலிருந்து எடுக்கப்பட்டார்.

2016 ஜனவரி 26: புதிய சட்டத்துறைத் தலைவர், எஸ்ஆர்சி விவகாரத்திலும் 260 கோடி வெள்ளி நன்கொடை விவகாரத்திலும் குற்றம் எதுவும் இல்லை என்று அறிவித்துக் கோப்புகளை மூடினார். 

2018 மே 9: பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. இரண்டு மாதத்திற்குள், ஜூலை 4-ஆம் தேதி, அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

2020 ஜூலை 28: உயர் நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்றது. தண்டனை 12 ஆண்டு சிறை, 21 கோடி வெள்ளி அபராதம்.

2021 டிசம்பர் 8-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும், 2022 ஆகஸ்ட் 23-இல் தலைமை நீதிபதி துன் தெங்கு மைமூன் தலைமையில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார்கள். அன்றே அவர் காஜாங் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2016-இல் இந்த விளக்கு எரியாமல் போனது நீதிமன்றத்தினாலா? இல்லை. கோப்பு நீதிபதியின் மேசைக்கே போகவில்லை. மேசைக்குப் போன பிறகு மூன்று நீதிமன்றங்களில் ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 2023 மார்ச்சில் மறுஆய்வு மனு வந்தபோது ஐவரில் ஒருவர் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார். அதுவும் ஒளிவுமறைவில்லாமல், காரணத்தோடு, எல்லோரும் படிக்கும்படி வந்தது. நீதிமன்றம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு உதாரணம். துணைப் பிரதமர் டத்தோ ஸ்ரீ அகமட் சாஹிட் ஹமிடி மீது அறவாரியம் ஒன்றின் பணம் தொடர்பாக 47 குற்றச்சாட்டுகள் இருந்தன. 2022 ஜனவரியில் அவர் எதிர்வாதம் செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2023 செப்டம்பர் 4-ஆம் தேதி, அரசுத் தரப்பே வழக்கை நிறுத்தக் கேட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. அன்றைய நிலையில், மறுபடியும் குற்றம் சாட்ட இடம் இருந்தது. அவர் குற்றவாளி என்று நானும் சொல்லவில்லை, யாரும் சொல்லவும் முடியாது. ஆனால் மறுநாள் கடையில் எல்லோரும் சொன்னது "கோர்ட் விட்டுவிட்டது" என்று. நிறுத்தக் கேட்டது யார் என்று ஒருவரும் பேசவில்லை.

அரசியலமைப்பின் 145-ஆவது விதி, ஒரு வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. அதே விதிதான் அவரை அரசாங்கத்தின் சட்ட ஆலோசகராகவும் வைத்திருக்கிறது. அவரை நியமிப்பது பிரதமரின் ஆலோசனையின் பேரில். ஒரே ஆள் அரசாங்கத்துக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும், அரசாங்கத்தில் இருப்பவர் மீது வழக்கும் போட வேண்டும் என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். ஒரு கடையின் கணக்குப்பிள்ளையே அந்தக் கடைக்குத் தணிக்கையாளராகவும் இருந்தால் எந்தப் பங்காளி ஒப்புக்கொள்வார்? இந்த இரண்டு பதவிகளையும் பிரிக்க வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றம் நெடுநாளாகக் கேட்டு வருகிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாமும் இதைக் கேட்க வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம். ஆனால் கட்சிக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று வெளியே சொல்ல வைக்கும் சட்டம் இன்றுவரை இல்லை. நன்கொடை என்ற சொல்லுக்குள் 260 கோடி வெள்ளி நுழைய முடிந்தது அதனால்தான்.

மன்னிப்பு வாரியத்தின் முடிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி, நஜிப்பின் தண்டனை 6 ஆண்டாகவும் அபராதம் 5 கோடி வெள்ளியாகவும் குறைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மாமன்னரின் கருணை அதிகாரத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அதற்கு அரசியலமைப்பில் இடம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து "தீர்ப்பு பொய்யாகிவிட்டது" என்பது சரியல்ல. தண்டனை குறைந்தது, குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது. எந்தக் காரணத்துக்காகக் குறைக்கப்பட்டது என்று மக்களுக்கு விளக்கியிருந்தால், கடையில் இவ்வளவு பேச்சுக்கு இடம் இருந்திருக்காது.

இனி நம் பக்கம் வருவோம்.

நம்மில் பலருக்கு நீதிமன்றத்தின் மீது இருப்பது சந்தேகம்கூட இல்லை, கட்சிதான். இன்றைய பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் நம் பினாங்குக்காரர். அவர் 1999-இலும் 2000-இலும் தண்டிக்கப்பட்டபோது நம்மில் பாதிப்பேர் "அநியாயம்" என்றோம். 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தபோது "நீதி வென்றது" என்றோம். 2015-இல் மறுபடி சிறைக்குப் போனபோது மறுபடி "அநியாயம்". 2018-இல் அவருக்கு முழு மன்னிப்புக் கிடைத்தபோது மகிழ்ந்தோம். மற்றொரு பாதிப்பேர் இதையே தலைகீழாகச் சொன்னார்கள்; இன்று நஜிப் வழக்கிலும் அப்படியே சொல்கிறார்கள். தீர்ப்பைப் படித்துவிட்டு அநியாயம் என்றவர் எத்தனை பேர்? நமக்குப் பிடித்தவர் ஜெயித்தால் நீதி, தோற்றால் சதி என்று சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக்கு உண்மையிலேயே சதி நடக்கும்போது நம் குரலை யாரும் நம்பமாட்டார்கள்.

மக்ஸூம் குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் திருடியபோது, பெரிய இடத்துப் பெண் என்பதால் சிபாரிசுக்கு ஆள் வந்த செய்தியை நாம் எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். தன் சொந்த மகளே ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்று நபிகள் நாயகம் (ஸல்) மறுத்துவிட்டார்கள். நாம் அந்த உம்மத் என்றால், நம் தலைவருக்கும் அடுத்தவர் தலைவருக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்க வேண்டும்.

இந்த அவநம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? பெரிய ஆட்கள் அல்ல. அவர்கள் ஐந்து வழக்கறிஞர்களை வைத்துக் கடைசி நீதிமன்றம் வரை போகிறார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் கொடுக்கிறோம்.

எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். விருந்துச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவருக்கு அரிசி, எண்ணெய் கடனாகக் கொடுத்து 3,800 வெள்ளி நின்றுபோனது. கேட்டால் இன்று, நாளை என்கிறார். இரண்டு வருடம். "மாமா, கோர்ட்டில் மனுப் போடலாமே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கோர்ட் டத்தோமார்களுக்குத் தம்பி, அங்கே நமக்கு என்ன நியாயம் கிடைக்கும்?" என்றார். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட நீதிமன்றப் படி ஏறியதில்லை. செய்தியில் கேட்டதை வைத்து, கேட்காமலேயே தன் பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். கடன் வாங்கியவர் இப்போது வேறு கடையில் அதே மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சகோதரர்களே, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை என்று ஒரு வழி இருக்கிறது. 5,000 வெள்ளி வரை தனிநபர் யாரும் வழக்கறிஞர் இல்லாமல் தாமே கேட்கலாம். படிவம் 198-ஐ நிரப்பி, கையில் உள்ள பில்லையும் கையெழுத்தையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கிய பொருளில் ஏமாந்தவர்களுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கட்டணம் 5 வெள்ளி. வியாபாரிகளாகிய நம் மீதும் அங்கே வழக்கு வரலாம், அதையும் மறக்க வேண்டாம்! இதற்கெல்லாம் தேவையானது ஒன்றுதான்: எழுத்து. கடன் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வது நம் மார்க்கமும்தான்.

இனி லஞ்சம். மேலே கோடிகளில் நடப்பதைப் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. கீழே "காப்பிக் காசு" என்று பெயர் வைத்தால் கோபம் போய்விடுகிறது. லைசென்ஸ் சீக்கிரம் வர ஐம்பது, சம்மன் வராமல் இருக்க முப்பது. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். 20 ஆண்டு வரை சிறை. அபராதம் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அது. ஒருவர் லஞ்சம் கேட்டதைத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். 2020 ஜூன் முதல், ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் நன்மைக்காக லஞ்சம் கொடுத்தால், நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். சென்டிரியான் பெர்ஹாட் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

"லஞ்சம் இல்லை, அன்பளிப்புதான், பெருநாளைக்குக் கூடை கொடுத்தோம்" என்பார்கள். இதற்கும் நபிகளார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே விடை இருக்கிறது. ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபிகளார் (ஸல்) கேட்டார்கள். இந்த ஒரு கேள்வி போதும். நீங்கள் கொடுக்கும் கூடை, அவர் அந்த நாற்காலியில் இல்லாவிட்டாலும் அவர் வீட்டுக்குப் போகுமா? போகாது என்றால் அது எதற்கென்று நமக்கே தெரியும். 260 கோடிக்கும் இதே கேள்விதான்.

கடைசியாக, நம் வீட்டுக்குள். கப்பித்தான் காதர் மொஹிதீன் நம் சமூகத்துக்காகப் பள்ளிவாசலையும் வக்பு நிலங்களையும் விட்டுச் சென்றார். பிற்காலத்தில் அந்த வக்புகளின் நிர்வாகத்தில் குறைகள் எழுந்தன. 1905-இல் ஆங்கிலேய அரசு தனிச் சட்டம் இயற்றி, முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கு வாரியம் அமைத்தது. நம் கணக்கை நாமே சரியாக வைக்காவிட்டால், அடுத்தவர் வந்து வைப்பார்கள். அந்தப் பாடத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

தமிழில் "நாணயம்" என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். நம் முன்னோர்கள் கையில் காசில்லாமல் கப்பலேறி வந்து இந்த ஊரில் கடை வைத்தது இரண்டாவது பொருளை முதலீடாக வைத்துத்தான். ஆகவே சங்கத்துக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன். ஒன்று, சங்கத்தின் வரவு செலவை ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டத்தில் வாசிப்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கொருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டு, சிறு கோரிக்கை மனு எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் படித்த இளைஞர்கள் சங்கக் கட்டடத்தில் உட்கார வேண்டும். அந்த வரிசையில் உட்கார நானும் தயார். மூன்று, தேர்தல் காலத்தில் நம் மேடைக்கு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும்: சட்டத்துறைத் தலைவர் பதவியை எப்போது பிரிப்பீர்கள்? கட்சி நிதிக்குச் சட்டம் எப்போது?

ஊழலை அளக்கும் அனைத்துலகப் பட்டியலில் 2023-இல் மலேசியா 100-க்கு 50 புள்ளி வாங்கி 57-ஆவது இடத்தில் நின்றது. பள்ளிக்கூடத்தில் 50 என்றால் பாஸ்தான். ஆனால் பிள்ளை 50 வாங்கி வந்தால் எந்த வீட்டில் பாராட்டுகிறோம்? இன்னும் படி என்றுதான் சொல்வோம். நாட்டிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும், கைவிட்டுவிடக் கூடாது.

நீதியின் பக்கம் உறுதியாக நிற்பவர்களாகவும், அது நமக்கும் நம் சொந்தங்களுக்கும் எதிராக இருந்தாலும் நிற்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கி மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.